காலையும் கொஞ்சம் கவனிப்போம்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. வீட்டைப் பார்த்துக்கிறவ. மேடையில பேசிப் பழக்கம் இல்லைங்க. போன மாசக் கூட்டத்துல கால் நரம்பு சுருட்டிக்கிறதைப் பத்திப் பேச்சு வந்தது. "உங்கம்மாவுக்கும் பார்த்தே, உனக்கும் செஞ்சுக்கிட்டே, நீயே விழாவுல சொல்லிடு"ன்னு தலைவி அக்கா சொல்லிட்டாங்க. டாக்டருங்க எங்களுக்குச் சொன்னதையும், நாங்க பட்டதையும் அப்படியே சொல்றேன்.

சாயங்காலம் ஆனா கெண்டைக்கால் கனக்குது, ராத்திரி குரக்களி இழுக்குதுன்னு இருக்கிறவங்க கை தூக்குங்கன்னா இங்க பாதிப் பேர் தூக்குவீங்க. சேலையை முழங்கால் வரைக்கும் ஒதுக்கிக் காட்டுங்கன்னா ஒருத்தரும் காட்ட மாட்டீங்க. அதுதான் இந்த நோய்க்கு ரொம்ப வசதியாப் போச்சு. முகத்துல ஒரு மரு வந்தா மறுநாளே ஊருக்கே தெரியுது. கால்ல கயிறு மாதிரி புடைச்சு நிக்கிறது பத்து வருசம் ஆனாலும் கட்டின புருசனுக்குக்கூடத் தெரியறதில்லை.

நாம இதை நரம்பு சுருட்டல்னு சொல்றோம். ஆஸ்பத்திரியில வெரிகோஸ் வெயின்னு சொல்றாங்க. உண்மையில அது நரம்பே இல்லைங்க, ரத்தக்குழாய். பள்ளிக்கூடத்துல தமனி, சிரைன்னு படிச்சமே, அதுல சிரை. பேர்ல என்ன இருக்குதுன்னு கேட்காதீங்க. நரம்புன்னு நினைக்கிறதாலதான் மருந்துக் கடைக்குப் போய் "நரம்புக்கு மாத்திரை குடுங்க"ன்னு சத்து மாத்திரை வாங்கித் தின்னுக்கிட்டே இருக்கிறோம். எங்கம்மா அப்படி எத்தனை அட்டை தின்னாங்கன்னு கணக்கே இல்லை.

இது எதனால வருதுன்னு டாக்டர் சொன்னது எனக்கு நல்லாப் புரிஞ்சது, ஏன்னா எங்க வீட்டுக் கிணத்துலயும் அதே சங்கதிதான். மோட்டார்ல தண்ணி மேல ஏறுறப்ப, பைப்புக்கு அடியில புட்வால்வு இருக்கும். மோட்டாரை நிறுத்தினாலும் ஏறின தண்ணி கீழ இறங்காமப் பிடிச்சுக்கிறது அதுதான். நம்ம கால்ல இருக்கிற அசுத்த ரத்தம் இருதயத்துக்கு மேல ஏறிப் போகணும். கெண்டைக்கால் சதைதான் மோட்டார். நடக்கும்போது அந்தச் சதை அமுக்கி அமுக்கி ரத்தத்தை மேல தள்ளுது. சிரைக்குள்ள வழி நெடுக சின்னச் சின்ன வால்வு இருக்குது. அந்த வால்வு கெட்டுப் போனா ஏறின ரத்தம் திரும்பக் கீழ இறங்கித் தேங்குது. தேங்கத் தேங்கக் குழாய் வீங்கி, வளைஞ்சு, சுருட்டிக்கிது.

நின்னுக்கிட்டே வேலை செய்யறவங்களுக்கு இது அதிகமா வருதுங்க. நடந்தா மோட்டார் ஓடுது, சும்மா நின்னா ஓடுறதில்லை. அடுப்படியில நாம நிக்கிறது நடக்கிறதுல சேராது. கர்ப்பமா இருக்கிறப்ப வரும், ஒவ்வொரு பிரசவத்துக்கும் கொஞ்சம் கூடும். உடம்பு எடை கூடினாலும் வரும். அம்மாவுக்கு இருந்தா பொண்ணுக்கும் வர வாய்ப்பு உண்டு. எனக்கு அம்மா சீதனமா குடுத்தது இதுதான்னு வீட்டுக்காரர்கிட்ட விளையாட்டாச் சொல்லுவேன்.

எங்கம்மா பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறிப் பட்டறையில இருபது வருசத்துக்கு மேல தறி ஓட்டினவங்க. ஷிப்டு முழுக்க நிக்கணும். நூல் அறுந்தா முடியணும், தார் மாத்தணும், ஒரு தறிக்கும் அடுத்த தறிக்கும் நடுவுல ரெண்டடி நகர்றதுதான் நடை. உட்கார ஒரு முக்காலி கிடையாது. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து அவங்க இடது கால்ல பச்சையாப் புடைச்சுக்கிட்டுத்தான் இருந்தது. அப்புறம் கணுக்காலைச் சுத்தி அரிப்பு. அப்புறம் தோல் கருத்துப் போச்சு, மரப்பட்டை மாதிரி இறுகிப் போச்சு. ஒரு நாள் கொசு கடிச்ச இடத்தைச் சொறிஞ்சதுல, உள்பக்கக் கணுக்காலுக்கு மேல எட்டணா அளவுக்குப் புண் வந்தது. அந்தப் புண் மூணு வருசம் ஆறலைங்க.

மூணு வருசமும் என்னென்னமோ வெச்சாங்க. மஞ்சள், வேப்பிலை, மருந்துக் கடைப் பவுடர், களிம்பு. சர்க்கரைப் புண்ணுன்னு சொன்னாங்க, ரத்தம் குத்திப் பார்த்தா சர்க்கரை இல்லை. யாரோ வெச்ச செய்வினைன்னு சொல்லி ரெண்டு எடத்துல மந்திரிச்சாங்க. புண்ணு வாடைக்காக அம்மா விசேச வீட்டுக்குப் போறதையே விட்டுட்டாங்க. என் தங்கச்சி மகளுக்குச் சீர் நடந்தப்போ பந்தியில உட்காராம, வீட்டுக்குப் பின்னாடி கல் மேல உட்கார்ந்து சாப்பிட்டாங்க. "கால்ல துணி சுத்தியிருக்குது கண்ணு, நாலு பேரு முகம் சுளிப்பாங்க"ன்னு சொன்னாங்க.

அதுக்கப்புறம்தான் பக்கத்து டவுன்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். பேர் வேண்டாங்க. காலை நிக்க வெச்சு ஒரு பார்வை பார்த்தாங்க. ரெண்டு காலுக்கும் லேசர் பண்ணணும், ஒன்னே கால் லட்சம் ஆகும், இந்த வாரமே வாங்க, விட்டா காலை எடுக்கணும்னு சொன்னாங்க. அம்மாவுக்கு உடம்பு ஆடிப்போச்சு. எனக்கு ஒன்னுதான் உறுத்துச்சு. ஸ்கேன் ஒன்னும் எடுக்காம ரெண்டு காலும்னு எப்படிச் சொல்றாங்க? வலது கால்ல ஒன்னுமே இல்லையே? யோசிச்சுச் சொல்றோம்னு எழுந்து வந்துட்டோம்.

எங்க ஊருக்கு மக்களைத் தேடி மருத்துவத்துல மாத்திரை கொண்டு வர்ற தன்னார்வலர் அக்கா இருக்காங்க. 2021ல அந்தத் திட்டம் வந்தப்போ நம்ம மாதிரிக் குழுக்கள்ல இருந்துதான் பெண்களை எடுத்தாங்க, உங்களுக்கே தெரியும். அந்த அக்காதான், "முதல்ல ஆரம்ப சுகாதார நிலையத்துல காட்டிச் சீட்டு வாங்கு, அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போ, ரத்தக்குழாய்க்குன்னே தனி டாக்டருங்க இருக்காங்க"ன்னு சொன்னாங்க. ரெண்டு பஸ் மாறிப் போனோம். கூட்டம்தான், இல்லைன்னு சொல்லலை. மூணு நடை நடந்தோம். ஆனா அங்க காலை நிக்க வெச்சு டாப்ளர் ஸ்கேன் எடுத்தாங்க. பிள்ளைத்தாச்சிக்கு வயித்துல கூழ் தடவி எடுப்பாங்களே, அதே மாதிரிதான், வலி கிடையாது. டாக்டர் கெண்டைக்காலை அமுக்கி விடுறப்ப ரத்தம் மேல போற சத்தம் கேட்டது, கையை எடுத்ததும் திரும்ப இறங்குற சத்தமும் நீளமாக் கேட்டது. "வால்வு போச்சு, தெரியுதா?"ன்னு எனக்கும் காட்டினாங்க. இடது காலுக்கு மட்டும்தான் வேணும்னு சொன்னாங்க.

இந்த ஸ்கேன் இல்லாம யார் லேசர்னு சொன்னாலும் ஒத்துக்காதீங்க. எந்தக் குழாய் கெட்டிருக்குது, உள்ளுக்குள்ள இருக்கிற பெரிய குழாய் அடைப்பு இல்லாமத் திறந்திருக்குதான்னு அதுலதான் தெரியும். உள்குழாய் அடைச்சிருந்தா வைத்தியமே வேற.

இப்ப நீங்க கேட்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன், அம்மாவும் இதைத்தான் கேட்டாங்க. "குழாயைச் சுட்டு அடைச்சுட்டா ரத்தம் எப்படிப் போகும்?" கால்ல ரத்தம் ஏறுறதுக்குப் பெரிய வழி சதைக்கு உள்ளுக்குள்ள இருக்குதுங்க. தோலுக்கு அடியில இருக்கிறது கிளை வாய்க்கால் மாதிரி. உடைஞ்சு போய்த் தண்ணியைத் திருப்பி விடுற கிளை வாய்க்காலை அடைச்சா, தண்ணி மத்த வழியில ஒழுங்காப் போகும். அவ்வளவுதான்.

அந்தக் காலத்துல இதுக்குத் தொடைக்கிட்ட கீறி, அந்தக் குழாயையே உருவி எடுப்பாங்களாம். முதுகுல ஊசி போடணும், படுக்கணும், தையல் போடணும். இன்னைக்கும் சில பேருக்கு அது தேவைப்படுது. இப்ப அதிகமாப் பண்றது லேசர், இல்லைன்னா ரேடியோ அலைன்னு ஒன்னு, ரெண்டுமே உள்ள இருந்து சூடு வெச்சு குழாயை மூடுறதுதான். சின்னச் சின்னக் குழாய்க்கு நுரை மாதிரி மருந்தை ஊசியில ஏத்தி மூடுவாங்க. பசை வெச்சு ஒட்டுறதும் வந்திருக்குது. யாருக்கு எதுங்கிறதை ஸ்கேனைப் பார்த்து டாக்டர்தான் சொல்லணும்.

அம்மாவுக்கு லேசரும் பண்ணாங்க, புண்ணுக்கு அடுக்கடுக்கா அழுத்திக் கட்டுற கட்டும் போட்டாங்க. வாரா வாரம் கட்டு மாத்தப் போனோம். நாலு மாசத்துல புண் மூடிக்கிச்சு. கருப்பு போகலைங்க, அது அப்படியேதான் இருக்குது. ஆனா போன தை மாசம் பந்தியில உட்கார்ந்து சாப்பிட்டாங்க.

எனக்கு நடந்ததைக் கொஞ்சம் விவரமாச் சொல்றேன், ஏன்னா பயம்தான் பாதி நோய். எனக்கு ரெண்டாவது பொண்ணு பொறந்தப்போ வலது கால்ல வந்தது. கர்ப்பத்துல வர்றது பிரசவத்துக்கப்புறம் சில மாசத்துல பலருக்குக் குறைஞ்சிடும், அதனால அப்ப அவசரப்பட்டு ஒன்னும் பண்ண மாட்டாங்க. எனக்குக் குறையலை. நாலு வருசத்துல கணுக்கால் வீங்கி, அரிப்பு ஆரம்பிச்சது. அம்மா காலைப் பார்த்தவளுக்கு அந்த அரிப்பு எங்க போய் முடியும்னு தெரியாதா?

மரத்துப் போற ஊசி காலுக்கு மட்டும்தான் போட்டாங்க. முழிச்சுக்கிட்டே இருந்தேன். கண்ணுக்கு ஒரு கலர் கண்ணாடி மாட்டி விட்டாங்க. முழங்காலுக்குப் பக்கத்துல ஊசி குத்தி, அது வழியா நூல் மாதிரி ஒன்னை மேல தொடை வரைக்கும் விட்டாங்க, அது தெரியவே இல்லை. அப்புறம் குழாய் போற வழி நெடுக, சுத்தியும் மருந்துத் தண்ணி ஏத்துறதுக்குப் பல எடத்துல குத்துவாங்க. வலின்னா அதுதான் வலி, பொய் சொல்ல மாட்டேன். கம்பிளிப்பூச்சி ஊறி ஊறிக் கடிக்கிற மாதிரி இருந்தது. லேசர் ஓடுறப்ப வலி இல்லை, ஏதோ கருகுற வாடை லேசா வந்த மாதிரி இருந்தது. எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம்கூட ஆகலை. தையல் கிடையாது. சாக்ஸ் மாட்டி விட்டு, "எழுந்து நடங்கம்மா"ன்னு சொன்னாங்க. நான் நடந்து வெளிய வந்ததைப் பார்த்து எங்க வீட்டுக்காரர், இன்னும் பண்ணலை போலன்னு நினைச்சுட்டார்.

அன்னைக்கு சாயங்காலமே வீட்டுக்கு வந்துட்டேன். தொடையில ரெண்டு வாரம் கருநீலமா கன்னிப் போயிருந்தது. ஒரு வாரம் கழிச்சு உள்ளுக்குள்ள கயிறு இழுக்கிற மாதிரி இருந்தது, அது தானாப் போயிடுச்சு. கணுக்கால் பக்கம் ஒரு எடத்துல மரத்த மாதிரி மூணு மாசம் இருந்தது. சில பேருக்கு அப்படி வரும்னு முன்னாடியே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினாங்க. ரொம்ப அபூர்வமா ரத்தம் உள்ள கட்டிக்கிறதும் உண்டு, அதுக்குத்தான் அன்னைக்கே நடக்கச் சொல்றதும், ஒரு வாரத்துல திரும்ப ஸ்கேன் பார்க்கிறதும். இன்னொன்னு, ஒரு தடவை பண்ணிட்டா ஆயுசுக்கும் வராதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. வேற குழாய்ல திரும்ப வரலாம்.

காசு விசயத்துக்கு வர்றேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உள்ளவங்க அதை எடுத்துக்கிட்டுப் போங்க. வருச வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கிற குடும்பத்துக்கு அது கிடைக்கும். வி.ஏ.ஓ. கிட்ட வருமானச் சான்று வாங்கி, ரேசன் கார்டு, ஆதாரோட கலெக்டர் ஆபீஸ்ல பதியணும். குடும்பத்துக்கு வருசத்துக்கு 5 லட்சம் வரைக்கும். எந்த ஆஸ்பத்திரியில, எந்தச் சிகிச்சைக்குன்னு பட்டியல் இருக்குது. அதனால எங்க போனாலும் முதல்ல காப்பீட்டுக் கவுண்டர்ல "இந்தச் சிகிச்சை, இந்த ஆஸ்பத்திரியில உண்டா"ன்னு கேட்டுட்டு அப்புறம் சேருங்க. 104க்குப் போன் பண்ணியும் கேட்கலாம்.

பஸ், சாப்பாடு, சாக்ஸ், அம்மா கூட இருந்த நாள்ல போன கூலி, இதுக்கு எங்க குழுவுல உள்கடன் கேட்டேன். அப்ப எங்க தீர்மான நோட்டைப் புரட்டிப் பார்த்தேங்க. மாடு வாங்க, கிணத்து மோட்டாருக்கு, காலேஜ் பீஸுக்கு, வீட்டுக்காரர் ஆபரேசனுக்கு, பையன் கை உடைஞ்சதுக்குன்னு பக்கம் பக்கமா இருந்தது. உறுப்பினர் தன் உடம்புக்குன்னு வாங்கினதை விரல் விட்டு எண்ணிடலாம். யாரும் தர மாட்டோம்னு சொன்னதில்லை, நாமதான் கேட்டதில்லை. எங்க ஊக்குநர் அக்கா ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க: "மோட்டாருக்குக் குடுத்தோம், மோட்டார் போடுறவளுக்குக் குடுக்க மாட்டமா?"

லேசர் எல்லாருக்கும் வேணும்னு அவசியம் இல்லைங்க. ஆரம்பத்துலயே பார்த்தா சாக்ஸும் பழக்கமும் போதும். இந்த அழுத்தச் சாக்ஸ் பள்ளிக்கூடப் பிள்ளைங்க போடுற மாதிரி இல்லை. கணுக்கால், கெண்டைக்கால் அளவெடுத்து, டாக்டர் எழுதிக் குடுத்த அழுத்தத்துல வாங்கணும். காலையில படுக்கையை விட்டு இறங்கறதுக்கு முன்னாடி, கால் வீங்காம இருக்கிறப்ப போடணும். ராத்திரி கழட்டிடலாம். மாட்டுறதுக்குள்ள விரல் நகம் பேர்ந்துடும் போல இருக்கும். கால்ல முதல்ல ஒரு வழவழப்பான கேரி பேக்கைப் போட்டுக்கிட்டு, அது மேல சாக்ஸை ஏத்திட்டு, விரல் பக்கமா பையை உருவிடுங்க. சுலபமா ஏறும். விரல் திறந்த மாதிரி வாங்கினா மெட்டியைக் கழட்ட வேண்டியதில்லை. கொலுசைக் கழட்டித்தான் ஆகணும். சித்திரை வெயில்ல கஷ்டம்தான், அப்ப நான் பாதி நாள் போட்டேன். ஆறு மாசத்துல இறுக்கம் போயிடும், புதுசு வாங்கணும்.

தினம் ரெண்டு மூணு தடவை காலை நெஞ்சை விட உயரமா வெச்சுப் படுக்கச் சொன்னாங்க. இதுலதான் எங்க வீட்டுல பெரிய சிக்கல். மாமனார் திண்ணையில உட்கார்ந்திருக்கிறப்ப மருமக செவுத்துல காலைத் தூக்கி வெச்சுப் படுத்தா நல்லாவா இருக்கும்? ரெண்டு நாள் ரூம் கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்தேன். மூணாவது நாள் எங்க அத்தையே, "கதவைத் திறந்து போட்டுக் காத்தாடப் படு, அவருகிட்ட நான் சொல்லிட்டேன்"னு சொல்லிட்டாங்க. இப்ப அத்தையும் என் பக்கத்துல காலைத் தூக்கி வெச்சுப் படுக்கிறாங்க. அவங்களுக்கும் இருந்திருக்குதுங்க, ரெண்டு கால்லயும். முப்பது வருசமா எங்க மாமனாருக்குத் தெரியாது.

தோசை ஊத்திக்கிட்டு நிக்கிறப்ப குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்க, மோட்டார் ஓடும். காய் நறுக்கறது, மாவு பிசையறது எல்லாம் உட்கார்ந்தே பண்ணலாம்.

செய்யக் கூடாததும் இருக்குது. புடைச்ச எடத்துல எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்காதீங்க. திடீர்னு ஒரு கால் மட்டும் வீங்கி, சூடா வலிச்சா, அதுவும் பிரசவமோ ஆபரேசனோ ஆகிப் படுத்திருந்தவங்களுக்கு அப்படி வந்தா, அன்னைக்கே ஆஸ்பத்திரி போகணும். உள்குழாய்ல ரத்தம் கட்டியிருக்கலாம். அதோட மூச்சு வாங்கினா, நெஞ்சு வலிச்சா 108தான். எங்க தெருவுல ஒரு அக்காவுக்குக் குளிக்கிறப்ப புடைச்ச நரம்பு உரசி ரத்தம் பீச்சி அடிச்சது. பயத்துல முழங்காலுக்கு மேல கயித்தால இறுக்கிக் கட்டிட்டாங்க, ரத்தம் இன்னும் கூடத்தான் செஞ்சது. கீழ படுக்க வெச்சு, காலை உயரத் தூக்கி, அந்த எடத்துல சுத்தமான துணியை வெச்சு அழுத்திப் பிடிச்சுக்கிட்டு 108க்குச் சொல்லணும். தூக்கினாலே பாதி நின்னுடும்.

கால் வலி எல்லாமே இது இல்லைங்க. கொஞ்ச தூரம் நடந்தா கெண்டைக்கால் பிடிச்சு நிறுத்துது, நின்னா சரியாகுது, பாதம் சில்லுன்னு இருக்குது, விரல் கருக்குதுன்னா அது ரத்தம் கீழ வர்ற தமனியில அடைப்பு. பீடி குடிக்கிற ஆம்பளைங்களுக்கும் சர்க்கரை இருக்கிறவங்களுக்கும் அதிகம் வருது. அவங்க பக்கத்து வீட்டுக்காரம்மா சாக்ஸை வாங்கி மாட்டிட்டா கால் போயிடும். அதனாலதான் எங்கம்மாவுக்குக் கட்டுப் போடறதுக்கு முன்னாடி பாதத்துல நாடி ஓட்டம் பார்த்தாங்க.

கூட்டமைப்புக்கு ரெண்டு வேண்டுகோள் வைக்கிறேன். நம்ம பிள்ளைங்க நிறையப் பேர் ஈரோட்டுக்கு ஜவுளிக்கடை வேலைக்குப் போகுதுங்க. கடையில வேலை செய்யறவங்களுக்கு உட்கார இருக்கை குடுக்கணும்னு 2021லயே நம்ம மாநிலத்துல சட்டம் திருத்தியாச்சு. அதைக் கடை முதலாளிகளுக்கு எழுத்துல ஞாபகப்படுத்த ஒரு தீர்மானம் போடணும். நம்ம முறுக்குக் கூடத்துலயும் அடுப்பு உயரத்துக்கு நாலு முக்காலி வாங்கிப் போடணும், ஊருக்குச் சொல்றதுக்கு முன்னாடி நாம உட்காரணும்ல. அடுத்தது, வர்ற மருத்துவ முகாம்ல கால் பார்க்கிறதுக்குப் பெண்களுக்குன்னு மறைப்புக் கட்டி ஒரு எடம் ஒதுக்கணும்.

என்னோட பழைய சாக்ஸ் ஒன்னு துவைச்சு எடுத்துக்கிட்டு வந்திருக்கேன், அளவெடுக்கிற டேப்பும் இருக்குது. சாப்பாட்டுக்கு அப்புறம் பின்னாடி ரூம்ல இருப்பேன். பார்க்கணும்கிறவங்க வாங்க, கதவைச் சாத்திக்கலாம்.